அப்பாவின் சேகரிப்பும் நிறைந்துபோன வீடும்: எது பொழுதுபோக்கு, எது நோய்?

செவ்வந்தி (திருச்சி)

வணக்கம் நண்பர்களே. இந்தப் பகுதியில் சேகரிப்பாளர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. இளவயதிலிருந்தே ஸ்டாம்ப், முதல் நாள் உறை (புது ஸ்டாம்ப் வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை), தீப்பெட்டி லேபிள் எல்லாம் சேர்ப்பவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் பாய் விரித்து ஆல்பங்களைப் பரப்பி உட்காருவார். தெருவில் யார் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தாலும் உறையை அவருக்கென்று எடுத்து வைப்பார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான்.

அம்மா தவறிய பிறகு சேர்ப்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. செய்தித்தாளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட விடுவதில்லை. கழுவிய பால் கவர், தயிர் டப்பா, ஓடாத டேபிள் ஃபேன், அறுந்த ஒயர், யாரோ தெருவில் போட்ட கால் உடைந்த நாற்காலி, எல்லாம் வீட்டுக்குள் வருகிறது. கேட்டால் "இருக்கட்டும்மா, எதுக்காவது ஆகும்" என்பார். படுக்கையறைக் கட்டிலின் மேல் ஆளுயரத்துக்குப் பேப்பர் கட்டு. அவர் ஹாலில் ஈசி சேரில்தான் தூங்குகிறார். அடுப்பில் ஒரு பர்னருக்குத்தான் கை போகும். ஆல்பங்கள் அந்தக் கட்டுகளுக்கு அடியில் எங்கேயோ கிடக்கின்றன. அவற்றைத் திறந்து வருடக்கணக்காகிறது.

அண்ணன் சென்னையில் இருக்கிறான். "அவர் பொழுதுபோக்கு அது, வயசான காலத்தில் விட்டுவிடு" என்கிறான். நான் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் தினமும் பார்க்கிறேன். போன மாதம் பால் கவர் மூட்டை ஒன்றை எடுத்துப் போட்டேன். அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இது சேகரிப்புதானா, இல்லை நோயா? எதை வைத்து முடிவு செய்வது?

தீப்பெட்டிக்காதலன் (கோவில்பட்டி)

சகோதரி, இந்தக் கேள்வி எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சுடும். "குப்பை சேர்க்கிறான்" என்று எங்களைச் சொல்லாத உறவினர் கிடையாது. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்தால், அப்பா இப்போது செய்வது சேகரிப்பு இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் லேபிள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் ஒரு பீரோவுக்குள் அடக்கம். மரச்சில்லுப் பெட்டி வந்த காலத்து லேபிள் என்றால் பெட்டியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுவேன். பசை இளகினால் லேபிள் தானாகக் கழன்று மிதக்கும். அவசரப்பட்டு உரித்தால் மூலை கிழியும், அதனால் பொறுமையாக இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்று. காய்ந்த பிறகு எந்த ஊர், எந்தக் கம்பெனி, எத்தனை குச்சி என்று போட்டிருக்கிறது, எல்லாம் பார்த்து அதற்குரிய பக்கத்தில் ஏற்றுவேன். ஒரே மயில் படம்தான், கழுத்து நீலத்துக்குப் பதில் பச்சையாக அச்சாகியிருந்தால் அது எனக்கு வேறு லேபிள். இப்போது அட்டையிலேயே அச்சடித்துவிடுவதால் பெட்டியை வெட்டி விரித்து வைக்கிறோம்.

என்னிடம் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது எனக்கு மனப்பாடம். ஒரே லேபிள் இரண்டு கிடைத்தால் ஒன்று வேறு யாருக்கோ என்று அப்போதே முடிவாகிவிடும். கொடுக்கும்போது சந்தோஷம்தான். யாராவது பார்க்க வந்தால் சில நிமிடங்களில் எடுத்துக் காட்டிவிடுவேன்.

பால் கவர் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராக, அச்சு மாறிய காலம் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒன்று என்று ஒருவர் சேர்த்தால் அதுவும் அருமையான சேகரிப்புதான். ஒரே கவரை மூட்டை மூட்டையாகக் கட்டி வைப்பது எந்தத் தேடலுக்கும் பதில் இல்லை. அப்பா தன் ஆல்பங்களையே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கரிகாலன்\_தஞ்சை

போகி வருகிறது. அப்பாவை ஒரு வாரம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆள் வைத்து ஒரே நாளில் காலி செய்துவிடுங்கள். பேப்பர் எடைக்கு நல்ல பணம் வரும். வீடு பளிச்சென்று இருப்பதைப் பார்த்தால் அவருக்கே மனசு மாறும். அந்தத் தலைமுறை ரேஷன் கியூவில் நின்று வளர்ந்தது, எல்லா வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான். நோய் என்றெல்லாம் பெரிதாக்க வேண்டாம்.

மருதாணி (மனநலச் சமூகப் பணியாளர், சென்னை)

கரிகாலன் அண்ணா, உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் வீட்டைக் காலி செய்த குடும்பங்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர் வீட்டைப் பார்த்து மகிழ்ந்ததில்லை. திருட்டுப் போன வீட்டில் நிற்பவர் போல நிற்பார். அப்புறம் பிள்ளைகளை உள்ளேயே விடமாட்டார், வீடும் மறுபடி நிறைந்துவிடும். காலி செய்வதால் பொருள்தான் போகிறது. சேர்க்க வைக்கிற மனம் அப்படியேதான் இருக்கிறது, கூடவே நம்பிக்கையும் போய்விடுகிறது.

செவ்வந்தி, உங்கள் அப்பாவைப் பார்க்காமல் நோய் என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. மருத்துவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பொருள் குவிப்புக் கோளாறு என்பது முன்பெல்லாம் ஓசிடியின், அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாமல் வதைக்கும் நோயின், ஒரு பகுதியாகத்தான் கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013ல் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் 2022ல் நடைமுறைக்கு வந்தது, அதிலும் தனியாக இருக்கிறது. இரண்டிலும் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. இத்தனை கிலோ பேப்பர் இருந்தால் நோய் என்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கேட்பது வேறு. பொருளின் மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைப் பிரிய முடியாமல், பிரியச் சொன்னால் தவிப்பு வருகிறதா? வீட்டில் புழங்கும் இடங்களை அந்தந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த முடியாதபடி பொருள் அடைத்துக்கொண்டிருக்கிறதா? அதனால் உடல்நலம், பாதுகாப்பு, உறவு ஏதாவது பாதிக்கப்படுகிறதா? பரண் நிறைந்திருப்பது கணக்கில் வராது, பரண் அதற்குத்தான் இருக்கிறது. கட்டிலில் படுக்க முடியவில்லை, அடுப்பில் சமைக்க முடியவில்லை என்றால் அது கணக்கில் வரும். நீங்கள் தினமும் எடுத்துப் போடுவதால் மட்டுமே வீடு சுத்தமாக இருக்கிறது என்றாலும் வரும்.

குடும்பங்களில் பேச உதவும் ஒரு படத்தொகுப்பு இருக்கிறது. ஹால், சமையலறை, படுக்கையறை மூன்றுக்கும் தலா 9 படங்கள். முதல் படத்தில் அறை காலி, ஒன்பதாவதில் கூரை வரை பொருள். உங்கள் அறை எந்தப் படம் போல இருக்கிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவைப்படலாம் என்று எடுத்துக்கொள்வோம். அண்ணன் ஒரு எண், நீங்கள் ஒரு எண், அப்பா ஒரு எண் சொல்வார். அந்த வித்தியாசத்தைப் பேசுவதே பாதி வேலை.

இன்னொன்று. இந்தப் பழக்கம் உள்ள பலருக்குப் பதின்ம வயதிலேயே மெல்லத் தொடங்கி, வயதாக ஆகத்தான் கூடும். அப்பாவுக்கு முதுமையில், அம்மா போன பிறகு, வேகம் பிடித்திருக்கிறது. அதனால் மனச்சோர்வு இருக்கிறதா, நினைவாற்றல் குறைகிறதா என்று பார்ப்பது அவசியம். மூளைத் தேய்மான நோய்களிலும் இப்படிப் பொருள் சேர்ப்பது வரும். அப்படியென்றால் வைத்தியமும் வேறு.

செவ்வந்தி

அக்கா, படங்களைத் தேடிப் பார்த்தேன். ஹால் 4, சமையலறை 5, படுக்கையறை 7 என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் தீபாவளிக்கு வந்தபோது ஹாலோடு திரும்பிவிட்டான், படுக்கையறையைப் பார்க்கவே இல்லை.

மூர்மார்க்கெட்\_வாசகன்

நான் மறுபக்கத்துக்குப் பேசுகிறேன். தமிழில் பழைய அச்சு எதுவும் மிஞ்சியிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று நினைத்த மனிதர்களால்தான். பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தபோது எவ்வளவு பழைய புத்தகம் போனது என்று இன்று யாரும் பட்டியல் போட முடியாது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான தாள் எதையும் விடவில்லை. 1992ல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படி இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தரமணிக்குப் போய் உட்கார்ந்து படிப்பது, ஒரு தனிமனிதர் எடைக்குப் போட மறுத்த காகிதத்தைத்தான். கல்யாணப் பத்திரிகையை யார் பத்திரப்படுத்துவார்கள்? எந்தச் சாதி எப்போது பட்டப்பெயரை விட்டது, எப்போது சமஸ்கிருத வாசகம் போய்த் தமிழ் வந்தது என்று அந்தத் தாள் சொல்லும்.

அப்பாவின் கட்டுகளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் நோய், குப்பை என்று பேச வேண்டாம்.

ஹட்சன்கரை (நியூயார்க்)

மூர்மார்க்கெட் ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது பாதிதான். நான் இருக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு.

ஹார்லெமில், ஐந்தாவது அவென்யூவும் 128ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் ஹோமர், லாங்லி காலியர் என்று இரண்டு சகோதரர்கள் வாழ்ந்தார்கள். வசதியான, படித்த குடும்பம். மூத்தவர் ஹோமருக்குக் கண் பார்வை போயிற்று. தம்பி லாங்லி வேலைக்கு ஆள் வைக்காமல் தானே பார்த்துக்கொண்டார். அண்ணனுக்குப் பார்வை திரும்பினால் விட்டுப்போன செய்தியெல்லாம் படிக்க வேண்டுமே என்று வருடக்கணக்காகச் செய்தித்தாள்களை எடுத்து வைத்தார். 14 பியானோக்கள் உட்பட 120 டன்னுக்கு மேல் பொருள் அந்த வீட்டிலிருந்து பின்னால் எடுக்கப்பட்டது. திருடர்களுக்காக அவரே கட்டுகளுக்கு நடுவே பொறி வைத்திருந்தார். 1947 மார்ச்சில் ஹோமர் இறந்துகிடந்தது தெரிந்தது. லாங்லியை ஊரெல்லாம் தேடினார்கள். ஏப்ரலில்தான், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், சரிந்த கட்டுக்கு அடியில் அவர் உடல் கிடைத்தது. அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும்போது தன் பொறியிலேயே மாட்டியிருக்கிறார். சோறு போட ஆளில்லாமல் அண்ணன் பட்டினியில் போயிருக்கிறார். அந்த மூலை இப்போது சின்னப் பூங்கா. பொருள் அடைந்த வீட்டை இன்றும் இங்கே தீயணைப்பு வீரர்கள் காலியர் மாளிகை என்று சொல்லித்தான் எச்சரித்துக்கொள்வார்கள்.

அவர் சேர்த்ததற்குக் காரணம் அன்பு. அன்பு இருந்தும் இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

இன்னொருவர் பிலடெல்ஃபியாவின் மேரியன் ஸ்டோக்ஸ். 1970களின் கடைசியிலிருந்து 2012ல் இறக்கும் வரை தொலைக்காட்சிச் செய்தியை இரவு பகலாக வீடியோ நாடாவில் பதிந்தார், சுமார் 70,000 நாடா. சேனல்களே அழித்துவிட்ட செய்திகள் அதில் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஆனால் நாடா மாற்றும் நேரத்தை வைத்துத்தான் அந்த வீட்டில் எல்லோருடைய நாளும் ஓடியது. உலகத்துக்குப் பெரிய கொடை, குடும்பத்துக்குப் பெரிய பாரம். இரண்டும் உண்மை.

மருதாணி

ஹட்சன்கரை சொன்ன கடைசி வரிதான் நான் எழுத வந்ததும். பொருளுக்கு மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வியும், அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா என்ற கேள்வியும் தனித்தனி. மதிப்புள்ள பொருளுக்கு நடுவிலும் ஒருவர் நோயோடு வாழலாம். மதிப்பே இல்லாததைச் சேர்த்து, ஒழுங்காக அடுக்கி, நிம்மதியாக வாழ்பவரும் உண்டு.

"சோம்பேறித்தனம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 2012ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. தங்களுக்கு வந்த வேண்டாத தபால்களையும் அடுத்தவருக்கு வந்தவற்றையும் கிழித்துப் போடலாமா என்று முடிவெடுக்கச் சொல்லி மூளையைப் படம் பிடித்தார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு, அடுத்தவர் தபால் என்றால் மூளையின் குறிப்பிட்ட பகுதிகள் மற்றவர்களைவிடக் குறைவாக வேலை செய்தன. தங்கள் தபால் என்றதும் அதே பகுதிகள் மிக அதிகமாக. நமக்கு ஒரு நொடியில் முடிகிற முடிவு அவர்களுக்கு அவ்வளவு பாரம். அந்தப் பாரத்தைத் தள்ளிப்போடத்தான் "இருக்கட்டும்" என்கிறார்கள்.

செவ்வந்தி

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் எதையும் எடுக்கச் சொல்லாமல், "இந்தக் கட்டுல என்னப்பா இருக்கு" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு மாதக் காலண்டர் தாளை உருவிக் காட்டினார். அம்மா பால் கணக்கு எழுதிய தாள். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒன்று, ஒன்றரை என்று பால்பென்னில் சின்னதாக எழுதியிருப்பாள். விருந்தாளி வந்த நாளில் இரண்டு. சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம். தாளின் ஓரத்தில் அண்ணன் பரீட்சைத் தேதி.

"இது மாதிரி எது எதுல கலந்து கிடக்குன்னு எனக்குத் தெரியலைம்மா. எடைக்குப் போட்டா அவ எழுத்தும் சேர்ந்து போயிடும்" என்றார். அம்மா இருந்தபோது காலண்டர் தாளையெல்லாம் அவளேதான் பேப்பரோடு கட்டி வைப்பாள். அந்தப் பழைய கட்டுகளும் புதுக் கட்டுகளும் இப்போது ஒன்றாகக் கிடக்கின்றன.

பால் கவரையும் நாற்காலியையும் பற்றிக் கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வேப்பமரத்தடி (சேலம்)

என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார், அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரமும் பழைய துணியும். நாங்கள் சண்டை போட்டுத் தோற்ற பிறகுதான் முறையாகத் தொடங்கினோம். எங்களுக்கு வழி காட்டியவர் சொன்ன முதல் விஷயம், எதைத் தூக்கிப் போடுவது என்று தொடங்காதீர்கள், எந்த இடம் வேண்டும் என்று தொடங்குங்கள் என்பதுதான். அதனால் முதலில் அடுப்பைச் சுற்றி. காஸ் அடுப்புப் பக்கத்தில் காகிதமோ துணியோ இருக்கக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்தது படுக்கையிலிருந்து கழிவறைக்கும் வாசலுக்கும் தடுக்காமல் போகிற வழி. ராத்திரியில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்திருப்பது கஷ்டம்.

ஒவ்வொரு பொருளும் அம்மா கையில்தான் போகும். வைக்க, கொடுக்க, போட என்று மூன்று பெட்டி, முடிவு அவருடையது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, களைத்துவிட்டால் எல்லாமே "வைக்க" பெட்டிக்குள் போய்விடும். உள்ளே புதிதாக வருவதைக் குறைப்பது தனி வேலை, அதுவும் கூடவே நடக்க வேண்டும். மாதக்கணக்காக ஆயிற்று. வீடு இன்றும் நிறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மா கட்டிலில் தூங்குகிறார். எனக்கு அது போதும்.

கரிகாலன்\_தஞ்சை

அந்தக் காலண்டர் தாள் விஷயத்தைப் படித்தேன். நான் சொன்ன மாதிரி எதுவும் செய்ய வேண்டாம் அம்மா. பேப்பர் கட்டி இறக்க ஆள் பலம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், திருச்சி எனக்குப் பக்கம்தான்.

தீப்பெட்டிக்காதலன்

நானும் வருகிறேன். அப்பாவிடம் கோவில்பட்டியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் உங்கள் லேபிள்களைப் பார்க்கக் கேட்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். பொய் இல்லை, உண்மையிலேயே எனக்குப் பார்க்க ஆசை. பார்க்க வேண்டுமென்றால் ஆல்பத்தை வெளியே எடுக்க வேண்டும், எடுக்க வேண்டுமென்றால் மேலே உள்ள கட்டுகளை இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது அம்மா எழுதிய தாள்களையும் தனியாக எடுத்துவிடலாம். அவற்றுக்கு என்னிடம் உபரியாக இருக்கும் ஒரு பெரிய ஆல்பத்தைக் கொண்டுவருகிறேன். இவ்வளவு நாள் காகிதத்துக்கு அடியில் கிடந்தால் வெள்ளிப்பூச்சி வந்திருக்கும். பக்கங்களை வேகமாகப் புரட்ட வேண்டாம். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிக்கவும் வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்.

மருதாணி

மிக நல்ல யோசனை. மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

தீப்பெட்டிக்காதலன் அண்ணா, முதல் தடவை எதையும் விலை பேசாதீர்கள், எனக்குத் தருகிறீர்களா என்று கேட்காதீர்கள். அவர் காட்டுவதைப் பாருங்கள். ஒரே லேபிள் இரண்டு இருந்து அவராக நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு உங்களுடையதில் ஒன்றைக் கொடுங்கள்.

செவ்வந்தி, காலண்டர் தாள்களைப் பிரித்து வைப்பது துக்கத்துக்கு உதவும். பால் கவருக்கும் நாற்காலிக்கும் அது போதாமல் போகலாம். அதனால் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். நினைவாற்றல் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். இதற்கென்று தனியாக மாத்திரை கிடையாது. மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு, குவிப்புப் பழக்கத்துக்குச் சிந்தனை-நடத்தை சிகிச்சைதான் (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பழகி மாற்றுவது) முதன்மை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

அப்புறம், இவர்கள் வரும் நாளில் உங்கள் அண்ணனையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள். ஹாலோடு நிற்காமல் படுக்கையறைக் கட்டுகளை அவரும் இறக்கட்டும்.